கறுத்த பல்லும் முன்வினையும்

பல்லின் மேலுறையான எனாமல்தான் மனித உடலில் மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். மீதி நீரும் சிறிதளவு புரதமும். இதைக் கட்டி எழுப்பும் செல்கள், பல் ஈறைப் பிளந்து வெளியே வரும் நேரத்தில் அழிந்துபோகின்றன. முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் மூடும். குறைப்பட்ட எனாமலை உடலால் மறுபடி உண்டாக்கிக்கொள்ள முடியாது. சொத்தை விழுந்தால் மிட்டாயையும் சரியாகப் பல் துலக்காததையும் சொல்லலாம். எனாமல் குறையோ, ஈறுக்குள் பல் உருவாகும்போதே, குழந்தைக்கு நல்லது கெட்டது தெரியும் முன்பே ஏற்பட்டுவிடுகிறது. பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ, குழி விழுந்தோ, சுரண்டினால் உதிரும்படியோ வருகிறது. தவறு செய்யும் வயதே வராத பிள்ளைக்கு இது ஏன் வந்தது என்ற கேள்வி அப்போது எழுகிறது. மருத்துவக் கேள்வியோடு சமயக் கேள்வியும் சேர்ந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

இந்தக் கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்கலாம். அது பெரியாழ்வாரின் ஊர். கண்ணனின் தளர்நடையைப் பாடும்போது, சிவந்த வாயில் அரும்பும் பல்லைச் செவ்வானத்துப் பிறையாகக் கண்டவர் அவர். குழந்தையின் முதல் பல்லைக் கொண்டாடும் தமிழ் வீடுகளில்தான் மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சும் இருக்கிறது. விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கமும் இருக்கிறது. பல்லை வைத்துப் பலன் பார்ப்பது புதிதல்ல. குறையோடு முளைத்த பல்லுக்கும் மூன்று விளக்கங்கள் வழக்கத்தில் உண்டு: முன்வினை, வம்சம், தண்ணீர். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவை ஒரே வகைப் பதில்கள் அல்ல. முதலாவது குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது வந்த வழியைச் சொல்கிறது. மூன்றாவது யாரோ செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சுட்டுகிறது. இவை கலந்துபோவதால் வரும் துன்பம் பல்வலியைவிடப் பெரியது.

முன்வினை விளக்கத்தை அதன் மிகக் கடுமையான வடிவில் மனுஸ்மிருதியில் பார்க்கலாம். அதன் பதினோராம் அத்தியாயம் இன்ன பாவத்துக்கு இன்ன உடற்குறை என்று கணக்கிடுகிறது. பொன் திருடியவனுக்கு நகம் கெடும். மது குடித்தவனுக்குப் பல் கறுக்கும். மூன்றாம் அத்தியாயம் சிராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர் பட்டியலில் கறுத்த பல்லுடையவரையும் சேர்க்கிறது. ஒருவருடைய வாயைப் பார்த்தே அவருடைய முற்பிறவியைப் படித்துவிடலாம், படித்தபின் பந்தியிலிருந்து விலக்கிவைக்கவும் செய்யலாம் என்பதே இந்த இரண்டு விதிகளின் கூட்டுப் பொருள்.

பல்லை வைத்தே எழுந்த எதிர்க்குரலும் உண்டு. பழைய இஸ்ரவேலரிடையே ஒரு பழமொழி வழங்கியது: தகப்பன்மார் புளிப்புத் திராட்சையைத் தின்றார்கள், பல் கூச்சம் பிள்ளைகளுக்கு வந்தது என்பது அதன் கருத்து. எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில், இந்தப் பழமொழியை இனி யாரும் வாயில் எடுக்கலாகாது என்கிறார். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமே அல்ல என்று இயேசு சொன்னதாக யோவான் எழுதுகிறார். பௌத்தத்திலும் இதற்கு இணையான ஒரு பதில் இருக்கிறது. மனிதன் அனுபவிப்பதெல்லாம் பழைய வினையின் பயனே என்போரைப் பற்றிச் சீவகன் என்ற பரிவிராசகன் (நாடோடித் துறவி) கேட்க, புத்தர் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், விபத்து என்று காரணங்களை அடுக்கி, வினைப்பயனை அவற்றுள் ஒன்றாக மட்டும் வைக்கிறார். எல்லாவற்றையும் வினையில் ஏற்றுவோர், கண்ணெதிரே தெரிவதையும் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது அவர் சொல்லும் குறை.

கண்ணெதிரே தெரிவது என்ன என்பதைப் பல்லே நன்றாகக் காட்டுகிறது. எனாமல் நாளுக்கு ஏறத்தாழ நான்கு மைக்ரான் வீதம் படலம் படலமாக வளர்கிறது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அந்த நாட்கணக்குக் கோடுகள் தெரியும். எல்லாப் பாற்பற்களிலும், பெரும்பாலும் முதல் நிலைக் கடைவாய்ப்பற்களிலும், மற்றவற்றைவிட அழுத்தமான ஒரு கோடு இருக்கும். அது பிறந்த நாளின் கோடு. கருப்பை வாழ்விலிருந்து வெளி வாழ்வுக்கு உடல் மாறிய அதிர்ச்சி அதில் பதிந்திருக்கிறது. கோட்டுக்கு உட்புறம் தாயின் கருப்பையில் உருவான எனாமல். வெளிப்புறம் பிறந்தபின் உருவானது. பிறந்த நேரம் குறித்து ஜாதகம் கணிக்கும் சமூகம் அறிய வேண்டிய செய்தி இது: உடலும் பிறப்பைக் குறித்து வைத்திருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்து.

இந்தப் பதிவை வைத்துத்தான் பல் மருத்துவர் குறையின் மூலத்தைத் தேடுகிறார். பாற்பல், நிலைப்பல் இரண்டு வரிசையிலும் எல்லாப் பற்களும் பாதிக்கப்பட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி இருந்தால் மரபணுவை நினைக்க வேண்டும். ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பற்களிலும் முன்பற்களிலும் மட்டும் எல்லை தெளிவான வெள்ளை, மஞ்சள் திட்டுகள் இருந்தால், பிறந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று வயதுவரை உடலுக்கு வந்த சோதனைகளைக் கேட்க வேண்டும்; நீடித்த காய்ச்சல், குறைப்பிரசவம் போன்றவை சந்தேகத்துக்கு உரியவை, ஆனால் தனியொரு காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. இந்த வகைக்கு 2001இல்தான் தனிப்பெயர் கிடைத்தது. உலக அளவில் எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஒரே ஒரு நிலைப்பல் மட்டும் கெட்டிருந்தால், அதற்கு மேலிருந்த பாற்பல்லில் சீழ் பிடித்ததா, குழந்தை விழுந்து அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். வாய் முழுக்க இருபுறமும் ஒத்த மங்கலான கோடுகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே என்றால் குடிநீர். இரும்புச்சத்து மருந்தால் படிந்த கறுப்போ குறையே அல்ல, தேய்த்து எடுத்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐந்தும் ஒன்றுதான்: கறை படிந்த பல். முன்வினை என்ற சொல் இந்த ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அதன் பிறகு எந்தக் கேள்வியையும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்த விளக்கத்தால் வரும் பெரிய இழப்பு இதுதான்.

தகுதிக்கேற்ற தண்டனை என்ற எண்ணத்தையே அசைக்கும் ஒரு பல் உண்டு. பிறவி எனாமல் குறையில் ஒரு வகைக்குக் காரணமான அமெலோஜெனின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் எல்லாப் பற்களிலும் எனாமல் ஒரே சீராகக் கெட்டிருக்கும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கருவின் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அடங்கிவிடும், எது அடங்கும் என்பதில் நியதி இல்லை. நல்லது அடங்கிய செல்லின் வழிவந்தவை கெட்ட எனாமலைக் கட்டும். பழுதானது அடங்கிய செல்லின் வழிவந்தவை நல்ல எனாமலைக் கட்டும். அதனால் அந்தப் பெண்ணின் முன்பல்லில் மேலிருந்து கீழாக வரிகள் ஓடும்: ஒரு வரி பளபளப்பு, அடுத்தது மங்கல், மறுபடி பளபளப்பு. அந்த ஒரே பல்லுக்குள் எந்த வரி புண்ணியம் செய்தது, எது பாவம் செய்தது? மனுவின் கணக்கில் இந்தப் பல்லுக்கு இடமில்லை.

இந்த வகை யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்பதும் கவனிக்கத்தக்கது. பாதிக்கப்பட்ட தந்தை தம் பழுதான எக்ஸைப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் தருவார். ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கும் தரமாட்டார். கர்ப்பக் காலத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள், வாயைக் கட்டவில்லை என்று தாயின் தலையில் பழி விழும் வீடுகளில் இந்த உண்மை சத்தமாகச் சொல்லப்பட வேண்டும்.

இவ்வளவும் வினைக் கோட்பாட்டைத் தள்ளிவிடுவதற்கான வாதமல்ல. அதன் சிறந்த வடிவத்தில் அது வேறொன்றைச் சொல்கிறது. சைவ சித்தாந்தம் வினையைச் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனிச் சேரும் ஆகாமியம் என்று பிரிப்பது, வந்ததைப் பொறுத்துக்கொள்ளவும் இனிச் செய்வதில் விழிப்பாக இருக்கவும் ஒருவரைப் பழக்குவதற்காக. அது தன் துன்பத்தை எதிர்கொள்பவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். அதே சொல்லை அடுத்தவர் பிள்ளையின் வாயைப் பார்த்துச் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை வழங்க ஆதாரம் எவரிடமும் கிடையாது; முற்பிறவியைக் கண்டவர் யார்? ஒருவருக்கு ஆறுதலாகும் கோட்பாடு இன்னொருவர் கையில் கல்லாவது கோட்பாட்டின் பிழை என்பதைவிட, அதைக் கையாள்பவரின் பிழை.

குறையைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் சொல்லும் கதையோ குற்றப்பட்டியலுக்கு நேர் எதிரானது. பெருமாளுக்கென்று கட்டி, வளர்ப்பு மகள் ஆண்டாள் சூடிப் பார்த்த மாலையைப் பெரியாழ்வார் தோஷம் என்று ஒதுக்கினார். கோயிலின் பெருமாளான வடபத்ரசாயியோ அந்த மாலைதான் வேண்டும் என்றார். விலக்க வேண்டியது எனப்பட்டதே விரும்பப்பட்டது. இந்தக் கதையை ஆண்டுதோறும் கொண்டாடும் ஊரில் அதன் தத்துவப் பொருளும் பேசப்படத்தான் வேண்டும். வைணவ ஆசாரியர்கள் இதை ஒரு பெரிய வாதமாகவே நடத்தினார்கள். பகவானின் வாத்சல்யம் என்றால் என்ன? அடியாரின் குற்றத்தை அவன் காணாதிருப்பது என்பது வேதாந்த தேசிகர் பக்கம். கன்று ஈன்ற பசு அதன் மேலுள்ள வழும்பை விருப்பத்தோடு நக்கிக் கொள்வது போல, குற்றத்தையே போக்கியமாக, அதாவது இன்பமாக, ஏற்பது என்பது பிள்ளை லோகாசாரியர் பக்கம். வடகலைக்கும் தென்கலைக்கும் இடையிலான பதினெட்டு வேறுபாடுகளில் இதுவும் ஒன்று.

அங்கே பேசப்படுவது ஆன்மாவின் குற்றம். பல்லின் குறை அல்ல. ஆனாலும் வாதம் இங்கே பொருந்தும், கூடுதல் வலுவோடு பொருந்தும். உண்மையான குற்றத்தையே காணாதிருப்பதா, கண்டும் அணைப்பதா என்று இரு தரப்பும் வாதிடும்போது, குற்றமே இல்லாத குறைக்காகப் பிள்ளையை ஒதுக்குவதற்கு எந்தத் தரப்பிலும் இடமில்லை. இரண்டில் பிள்ளை லோகாசாரியர் வழி இந்தப் பிள்ளைகளுக்கு மேலும் பொருத்தமானது. காணாதது போல் இருக்கும் அன்பு, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையின் கையை விலக்காது. பல்லை மருத்துவரிடம் காட்டவும் செய்யாது. குறையைக் கண்டு, தொட்டு, சுத்தப்படுத்தும் அன்புதான் சிகிச்சைவரை போகும்.

அடுத்தது தண்ணீர். இங்கே பழி என்ற சொல்லுக்கே ஓரளவு இடமுண்டு. பல் உருவாகும் காலத்தில் குடிநீரில் ஃப்ளூரைடு மிகுந்தால், முதிரும் எனாமலிலிருந்து புரதம் வெளியேறுவது தடைபட்டு, மேற்பரப்பின் கீழே நுண்துளைகள் தங்கிவிடும். லேசானால் வெள்ளைக் கோடுகள். மிகுந்தால் காவிப் பழுப்பும் குழிகளும். எட்டு வயதுக்குள் நடப்பதே பல்லைப் பாதிக்கும். ஃப்ளூரைடு எலும்பையும் முடக்கும் என்பது இந்தியாவில் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தை ஆராய்ந்த ஷார்ட் குழுவினரால் வெளிப்பட்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இந்தப் பாதிப்பு என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பெயர்கள் முதலில் வரும். அவற்றுக்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் வரம்பை மீறிய ஃப்ளூரைடு சில இடங்களில் பதிவாகியிருக்கிறது. பாறையில் ஆழமாக இறங்கிய ஆழ்துளைக் கிணற்றின் நீரும், மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடை நீரும் ஒன்றல்ல. கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். ஒரு தெருப் பிள்ளைகள் அனைவரின் பல்லிலும் காவி ஏறியிருந்தால் அங்கே விதி என்று சொல்வது, கிணற்று நீரைச் சோதிக்க வேண்டியவரை விடுவிப்பதாகும். காரணம் தெரிந்து, மாற்றவும் முடிகிற இடத்தில் ஊழைக் காட்டுவது பக்தியில் சேராது.

வம்சம் என்ற விளக்கம் இன்னும் நுட்பமானது. பண்டை ஆயுர்வேத ஆசிரியர் சரகரே தம் நூலின் சாரீரஸ்தானத்தில், வித்தின் எந்தப் பகுதி கெடுகிறதோ அந்தப் பகுதியிலிருந்து தோன்றும் உறுப்பு கெடும் என்கிறார். அங்கே பாவக் கணக்கு தேவைப்படவில்லை. எனாமல் முதிரும்போது புரதத்தை வெட்டி அகற்றும் இரு நொதிகளின் மரபணுக்கள் பழுதாவது ஒடுங்கு முறையில் இறங்கும். அதாவது தாய்க்கும் தந்தைக்கும் பல் நன்றாகவே இருக்கும், இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி மறைந்திருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோர் உறவினரானால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமன் திருமணத்தில் பிள்ளையின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கும், அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒரு பங்கும் ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாக வந்திருக்கும் என்பது சராசரிக் கணக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. 1955இன் இந்து திருமணச் சட்டமும் வழக்கம் உள்ள இடத்தில் இவற்றை ஏற்கிறது. இப்படி மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு நலமான பிள்ளைகளே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொத்தும் உறவும் சிதறாமல் காக்கவும், பெண்ணுக்குத் தெரிந்த வீட்டில் வாழ்வு அமையவும் முறை வகுத்தவர்கள் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. தெரியாமல் நேர்ந்ததற்குக் குற்றம் கிடையாது. தெரிந்தபின் அடுத்த தலைமுறைக்குத் திருமணம் பேசும் முன் கேட்டுக்கொள்ளும் கடமை உண்டு. அந்தக் கடமையை நிறைவேற்ற யாரையும் குற்றவாளியாக்கத் தேவையில்லை.

இனிச் சிகிச்சை. குறை விதிப்படி வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் சரிசெய்வது விதியை எதிர்ப்பதாகுமா? திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது, 62ஆம் அதிகாரம் ஆள்வினையைச் சொல்கிறது. தெய்வத்தால் ஆகாத இடத்திலும் உடல் வருந்திய முயற்சிக்குக் கூலி உண்டு என்பது அங்கே வரும் கருத்து. கோயில் மரபே ஜீர்ணோத்தாரணம் என்று சிதைந்ததைப் புதுப்பிப்பதைப் புண்ணியமாக வைத்திருக்கிறது. மனித வாய்க்கு மட்டும் அது விலக்காக முடியாது.

முதலில் செய்ய வேண்டியது வலியைக் குறைப்பது. குறைப்பட்ட எனாமல் மெல்லியது அல்லது துளை மிகுந்தது. குழாய்த் தண்ணீர் பட்டாலே கூசும். கூசுவதால் பிள்ளை பிரஷ்ஷை வைக்காது. வைக்காததால் ஊத்தை சேரும். சேர்ந்ததும் சோம்பேறி என்ற இன்னொரு பழியும் விழும். வெதுவெதுப்பான நீர், மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பற்பசை, மருத்துவர் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ் ஆகியவை இந்தச் சுழலை உடைக்கின்றன. உணவில் ஒட்டும் இனிப்பு குறைய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சாப்பாட்டோடு உண்டு வாய் கொப்பளிப்பது, நாள் முழுக்க அவ்வப்போது சுவைப்பதைவிடப் பாதுகாப்பு. ஃப்ளூரைடே சில பிள்ளைகளின் பல்லைக் கெடுத்தது, அதுவே இங்கே மருந்து என்பதில் முரண் இல்லை: விழுங்கியது ஈறுக்குள் இருந்த பல்லைத் தாக்கியது, பூசுவது வெளியே வந்த பல்லின் மேற்பரப்பை இறுக்குகிறது.

கடைவாய்ப்பல் தேய்ந்து நொறுங்கும் முன் அதன்மேல் ஸ்டீல் கேப் போடுவது பிள்ளைப் பருவத்தின் மிக உறுதியான சிகிச்சை. ஏற்கெனவே வடிவமைக்கப்பட்ட மெல்லிய உறையை அளவு பார்த்து, ஓரத்தை வளைத்து, சிமென்ட் வைத்து அழுத்துவார்கள்; கடிக்கும் உயரம் காக்கப்படும், கூச்சம் அன்றே குறையும். முன்பல்லுக்குப் பல் நிறக் காம்போசிட். அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் இந்த முறை, புரதம் மிகுந்த எனாமலில் எளிதில் பெயர்ந்துவிடக்கூடும். அதனால் சில மருத்துவர்கள் ஒட்டும் முன் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் புரதத்தை நீக்கிப் பார்க்கிறார்கள். ஃப்ளூரைடுக் காவி மேலாக இருந்தால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்து மெல்லிய மேற்படலத்தைத் தேய்த்தெடுத்தாலே நிறம் மாறும். ஆறு வயதுக் கடைவாய்ப்பல் காக்க முடியாத அளவு கெட்டிருந்தால், எட்டிலிருந்து பத்து வயதுக்குள் திட்டமிட்டு எடுப்பதும் ஒரு வழி. பின்னால் வரும் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வரக்கூடும். செராமிக், சிர்கோனியா உறைகளுக்கு ஈறும் தாடையும் வளர்ந்து நிலைபெறும் பதினெட்டு வயதை ஒட்டிய காலம்வரை பொறுப்பது நல்லது. முன்பல்லின் நிறத்தைச் சரிசெய்யக் கேட்பதை வீண் ஆசை என்று ஒதுக்குவதும் தவறு. வாயை மூடிக்கொண்டே வளரும் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்காது.

மரபணு வகை சில நேரம் பல்லோடு நிற்பதில்லை. ஒரு வகையில் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். அதில் பற்கள் முளைக்கத் தாமதமாகும், ஈறு தடித்திருக்கும், சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். இன்னொன்றில் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். முன்வினை என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருந்தால் இவை கண்டுபிடிக்கப்படாமலே போகும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பல் நோயையும் பார்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளையின் பல் முளைக்கும்போதே இப்படி இருந்ததா, அண்ணன் அக்காளுக்கும் உண்டா, வீட்டில் எந்தத் தண்ணீர் என்ற மூன்று விவரங்களையும் பெற்றோர் அவர்களிடம் சொன்னால் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். ஒரு பிள்ளைக்கு மரபு வகை உறுதியானால் தம்பி தங்கையரை முதல் பாற்பல் முளைத்ததிலிருந்தே காட்டி வர வேண்டும். ஆறு வயதுக் கடைவாய்ப்பல் வெளியே தலைகாட்டும் மாதங்களில் இடைவெளி இல்லாமல் பார்த்தால், அது நொறுங்கும் முன்பே கேப் போட்டுவிடலாம்.